நீராக இருக்கும்போதே: கை கால் நிணநீர் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 'நீர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தமிழில் அது தண்ணீர். மலையாளத்தில் வீக்கத்துக்கும் அதுவே பெயர். 'காலில் நீரு' என்றால் கால் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் புழங்கும் எங்கள் சித்தூர் தாலுகாவில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கால் வீங்கினால் "நீர் கோத்திருக்கிறது" என்கிறோம். நீர்தானே, தானாக வடியும், இல்லையென்றால் மாத்திரை போட்டு வடித்துவிடலாம் என்று இருந்துவிடுகிறோம். என் பெரியம்மா ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தார்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து மூன்றாவது வருடம் அது. வலது கையில் ஏறிய வளையல் இடது கையில் ஏறவில்லை. தையல்காரரிடம் ரவிக்கையின் இடது கையை மட்டும் பிரித்துத் தைக்கச் சொன்னார். காட்டிய இடத்தில் சிறுநீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீர் போனது, கை அப்படியே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது, "உயிர் பிழைத்ததே பெரிது, இதற்கு ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். அதே மாதத்தில் உறவுக்காரர் ஒருவர், "ஒரே ஆபரேஷன், கை பழையபடி ஆகிவிடும்" என்று அடித்துச் சொன்னார். பெரியம்மாவுக்கு இருந்தது நிணநீர் வீக்கம். அதைப் பற்றிய இந்த இரண்டு பேச்சும் தவறு. இரண்டுமே மனிதர்களின் நல்ல வருடங்களை வீணாக்குகின்றன என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரத்தம் நுண்குழாய்களில் ஓடும்போது அதில் ஒரு பகுதி வெளியே கசிந்து திசுக்களை நனைக்கிறது. கசிந்ததில் பெரும்பகுதியையும், அதோடு வெளிவந்த புரதத்தையும் வாரியெடுத்து இரத்தத்தில் திரும்பச் சேர்ப்பவை நிணநாளங்கள். நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை நிணநீர் இப்படிக் கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் போய்க் கலக்கிறது. இதைத் தள்ள இதயம் போலத் தனி உறுப்பு கிடையாது. நாளத்தின் சுவரே சுருங்கி விரிகிறது. உள்ளே உள்ள சிறு வால்வுகள் பின்னால் வரவிடாமல் தடுக்கின்றன. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் தசை பிழிந்து கொடுக்கிறது. வழியில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நிணக்கணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. காலில் புண் வந்தால் "நெறி கட்டியிருக்கிறது" என்று சொல்வோமே, அந்த நெறிதான்.

ஆளியாற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்கால் நன்றாக இருந்து வடிகால் அடைபட்ட வயல் என்ன ஆகும்? நீர் தேங்கும். தேங்கியது வண்டலாகப் படியும். நாளாக நாளாக மண்ணே மாறிவிடும். நிணநீர் வீக்கத்திலும் நடப்பது இதுதான். முதலில் தேங்குவது நீர். அதில் உள்ள புரதம் வெளியேற வழியில்லாமல் அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி நீடிக்க நீடிக்க அங்கே நார்த்திசு வளர்கிறது, கொழுப்பு சேர்கிறது. சில வருடங்களில் அந்தக் கையையோ காலையோ பெரிதாக்கி வைத்திருப்பது நீர் என்பதைவிடக் கொழுப்பும் நாரும் என்று சொல்வதே சரி. சிறுநீர் மாத்திரை ஏன் பயன்படவில்லை என்பதற்கும் இங்கேதான் பதில். அது தண்ணீரை மட்டும் இழுக்கும். புரதம் அங்கேயே கிடந்து மறுபடி தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும்.

எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். கட்டைவிரலால் வீங்கிய இடத்தைச் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் உள்ளே இன்னும் நீர் நிறைய இருக்கிறது. இரவு காலை உயர்த்தி வைத்துப் படுத்து, காலையில் வீக்கம் வற்றியிருந்தால் ஆரம்ப நிலை. காலையிலும் வற்றவில்லை என்றால் அடுத்த நிலைக்குப் போய்விட்டது. அழுத்தினாலும் குழி விழவில்லை, தோல் தடித்து மரப்பட்டை போல ஆகி மடிப்பும் மருவும் வந்துவிட்டன என்றால் முற்றிய நிலை. இன்னொரு சோதனை, பெண்கள் மெட்டி போடும் அந்த இரண்டாவது விரலில் இருக்கிறது. அதன் அடிப்பகுதித் தோலை மேலிருந்து கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க வராமல் தடித்துக் கிடந்தால் அது நிணநீர் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இதை ஸ்டெம்மர் அடையாளம் என்பார்கள். மெட்டி இறுகிப்போய்க் கழற்றி வைத்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு வருந்தினார்களே தவிர, மருத்துவரிடம் சொல்லவில்லை.

வடிகால் அடைபடுவதற்கு நம் பக்கத்தில் இரண்டு காரணங்கள் முக்கியமானவை. பழையது யானைக்கால். கேரளத்தில் இதற்கு 'மந்து' என்று பெயர். ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் 'கொச்சிக் கால்' என்றே எழுதிவைத்தார்கள். கியூலெக்ஸ் கொசு பரப்பும் உச்சரேரியா புழு முழுக் காலையும் விரைப்பகுதியையும் பாதிக்கும். சேர்த்தலைப் பக்கத்தின் புருகியா புழு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே நிற்கும். அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் இளம்பருவக் குஞ்சுகள் குளத்து ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றிக்கொண்டு மூச்சு விடுகின்றன. இந்தியாவில் 2004 முதல் ஊரில் எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் திட்டம் நடந்ததில் புதிய தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் மருந்து புழுவைக் கொல்லும். கெட்டுப்போன நாளத்தைத் திரும்பக் கட்டித்தராது. ஏற்கெனவே வீங்கிய கால்கள் வீங்கியபடியே முதுமைக்கு வந்திருக்கின்றன. புதிய காரணம் புற்றுநோய் சிகிச்சை. மார்பகத்துக்காக அக்குள் கணுக்களையும், கருப்பை வாய்க்காக இடுப்புக் கணுக்களையும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தால், சிலருக்கு மாதங்களிலும் சிலருக்கு வருடங்கள் கழித்தும் கையோ காலோ வீங்குகிறது. மார்பகச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது.

அறுவை சிகிச்சைகளை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று, தேங்கும் நீருக்குப் புதிய வழி திறப்பது. மற்றொன்று, படிந்து கெட்டியானதை வெளியே எடுப்பது. வீக்கம் இன்னும் நீராக இருந்தால் முதலாவது; கொழுப்பாகவும் நாராகவும் மாறிவிட்டால் இரண்டாவது. மற்ற எல்லா நுணுக்கங்களும் இந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான்.

வழி திறக்கும் ஆசை பழையது. 1908-இல் ஹேண்ட்லி என்ற ஆங்கில அறுவை மருத்துவர் தோலுக்கடியில் பட்டு நூல்களை ஓடவிட்டு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை நீரை மேலே இழுக்கும் என்று நம்பினார். நிலைக்கவில்லை. நிணநாளத்தையே சிரையோடு இணைத்தால் என்ன என்ற எண்ணம் 1960களில், நுண்ணோக்கி அறுவை அரங்குக்குள் வந்த பிறகுதான் கைகூடத் தொடங்கியது. ஆனால் கால் முட்டிக்குக் கீழே தோலடியில் உள்ள நிணநாளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பெரும்பாலானவை 0.8 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சின்னக் குழாய்களைத் தைப்பதை 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானின் இசாவோ கோஷிமா ஒரு முறையாக நிலைநிறுத்தினார்.

அது நடக்கும் விதத்தை அருகில் இருந்து பார்ப்பது போலச் சொல்ல முயல்கிறேன். கால்விரல் இடுக்கிலோ கைவிரல் இடுக்கிலோ இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தை ஒரு சொட்டு ஊசியால் ஏற்றுகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு அகச்சிவப்புக் கேமராவைப் பிடிக்கிறார்கள். வேலை செய்யும் நிணநாளம் இருந்தால் திரையில் ஒளிக்கோடு ஒன்று மெல்ல மேலே ஏறுகிறது. அது சுருங்கித் தள்ளுவதைக்கூடப் பார்க்கலாம். நாளம் கெட்டிருந்தால் கோடு இல்லை. சிந்திய மாவு போல ஒளி தோலெங்கும் பரவிக் கிடக்கிறது. கோடு தெரிந்த இடங்களைப் பேனாவால் தோலின் மேல் வரைந்து, அங்கே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கீறுகிறார்கள். பல நேரங்களில் அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். நாளத்தையும் பக்கத்தில் உள்ள சின்னச் சிரையையும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நூலால் தைத்துச் சேர்க்கிறார்கள். இடுக்கியை எடுத்த கணத்தில் சிவப்பாக இருந்த சிரைக்குள் கண்ணாடி போன்ற நிணநீர் புகுந்து இரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போனால் இணைப்பு வேலை செய்கிறது. சிரையின் அழுத்தம் அதிகமாக இருந்தால் எதிர்ப்பக்கமாக இரத்தம் நாளத்துக்குள் ஏறிவிடும். அதனால்தான் சிரை சரியாக இருக்கிறதா என்பதை முன்னதாகவே டாப்ளர் ஸ்கேனில் பார்க்கிறார்கள்.

திரையில் அந்த ஒளிக்கோடு தெரிய வேண்டும் என்பதுதான் இதில் பெரிய நிபந்தனை. இணைப்பதற்கு ஒரு நல்ல நாளமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்ட வருடங்களில் மறைந்துபோவது அந்தக் கோடுதான். எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான்.

யானைக்காலில் நாளங்கள் வேறு விதமாகக் கெட்டிருக்கும். அதற்கு நிணக்கணுவையே குறுக்கே வெட்டிச் சிரையின் பக்கவாட்டில் தைக்கும் முறை ஒன்று 1960களில் போலந்தில் தோன்றியது. யானைக்கால் மிகுந்திருந்த காவிரிப்படுகையில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் எஸ். ஜமால் இந்த வகை இணைப்புகளைச் செய்து, 1981-இல் மருத்துவ இதழில் எழுதினார். இந்தத் துறையில் நம் ஊர்ப் பெயர் ஒன்று இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இணைக்க நாளமே இல்லாதவர்களுக்கு வேறொரு வழி: உடலில் வேறிடத்தில் உள்ள நிணக்கணுக்களை அவற்றின் தமனி, சிரையோடு எடுத்து, வீங்கிய கையிலோ காலிலோ வைத்து இரத்த ஓட்டத்தோடு இணைப்பது. வைத்த கணு சுற்றியுள்ள நீரை உறிஞ்சித் தன் சிரைக்குள் தள்ளுகிறது. புதிய நிணநாளங்கள் முளைக்கவும் தூண்டுகிறது. பலன் தெரிய மாதங்கள், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இந்த இடத்தில் பாலக்காட்டுக்காரர்களுக்கு ஒரு கதை நினைவுக்கு வரும். பட்டாம்பிக்குப் பக்கத்தில் இராயிரநல்லூர் மலை. கல்லை உச்சிவரை உருட்டிக்கொண்டு போய்க் கீழே தள்ளிவிட்டுச் சிரித்த நாறாணத்துப் பிராந்தனின் மலை. அவருக்கு இடது காலில் மந்து. சுடுகாட்டில் எதிர்ப்பட்ட பகவதி வரம் கேள் என்று வற்புறுத்தியபோது, "இடது காலில் உள்ள மந்தை வலது காலுக்கு மாற்றித் தா" என்றாராம்.

கணு மாற்றும் அறுவையில் அஞ்ச வேண்டியது சரியாக இந்த வரத்தைத்தான். கைக்காகத் தொடையிடுக்கிலிருந்து கணுவை எடுக்கும்போது, அந்தக் காலுக்கே வடிகாலாக இருந்த கணு போய்விட்டால் அந்தக் கால் வீங்கிவிடும். இதைத் தவிர்க்க, பாதத்தில் ஒரு கதிரியக்கத் திரவத்தையும் அடிவயிற்றில் ஒரு சாயத்தையும் ஏற்றி, காலிலிருந்து வரும் நீர் எந்தக் கணுவுக்குப் போகிறது, வயிற்றிலிருந்து வருவது எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். காலுக்கு உரியதைத் தொடாமல் மற்றதை எடுக்கிறார்கள். மோவாய்க்குக் கீழிருந்தோ, வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் வபையிலிருந்தோ எடுப்பதும் உண்டு. எடுக்கும் இடத்தில் என்ன ஆகும் என்று கேட்டு, தெளிவான பதில் வராவிட்டால் அந்த மேசையில் படுக்காமல் இருப்பது நல்லது.

கெட்டியானதை எடுக்கும் குடும்பத்தில் இன்று முன்னால் நிற்பது கொழுப்பு உறிஞ்சல். அழகு சிகிச்சை என்று பெயர்பெற்ற அதே முறை. ஆனால் நோக்கம் வேறு. சுவீடனின் மால்மோவில் ஹாகன் புரோர்சன் 1980களின் இறுதியிலிருந்து இதைச் செய்து, நாள்பட்ட வீக்கத்தில் அதிகமாக இருப்பது கொழுப்பே என்று காட்டினார். கட்டுப் போட்டு நீரை முழுவதும் பிழிந்த பிறகும், குழி விழாமல் பருமன் மிஞ்சியிருக்கும் கைக்கும் காலுக்கும் இது ஏற்றது. கை அளவில் மற்றக் கைக்குச் சமமாகவே ஆகலாம். ஆனால் வடிகால் திறக்கப்படவில்லை அல்லவா? கையையோ காலையோ இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை ஆயுளுக்கும் போட வேண்டும். கழற்றி வைத்தால் வீக்கம் திரும்பும். உறை போட மனமில்லாதவருக்கு இந்த அறுவையைச் செய்யவே கூடாது என்பதில் அந்தத் துறையினர் கறாராக இருக்கிறார்கள்.

தோலையும் அடியில் உள்ளதையும் தசையுறை வரை முழுவதுமாக உரித்தெடுத்து, ஒட்டுத்தோல் வைக்கும் பழைய அறுவைக்கு சார்ல்ஸ் முறை என்று பெயர். கல்கத்தாவில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்ல்ஸ் 1912-இல் எழுதியது உண்மையில் விரைப்பை யானைக்காலைப் பற்றி. காலுக்கான அறுவையைப் பின்னால் வந்தவர்கள் அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். காலைப் பார்க்க நன்றாக இராது, ஒட்டுத்தோல் எளிதில் புண்ணாகும். நடக்கவே முடியாத அளவு மடிப்பும் மருவும் தொங்கும் கால்களுக்கு மட்டும் இன்றும் இடம் உண்டு.

எந்த அறுவையானாலும் முன்னால் கட்டுச் சிகிச்சை இருக்க வேண்டும். பல அடுக்குக் கட்டு, நிணநீரைக் கையால் மெல்ல நீவி நகர்த்துதல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. இதைச் சில வாரங்கள் ஒழுங்காகச் செய்தாலே பலருக்கு அறுவையின் தேவை இராது. காசர்கோட்டில் இயங்கும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைடு டெர்மட்டாலஜி, ஆயுர்வேதத்தையும் யோகாவையும் அழுத்தக் கட்டையும் சேர்த்து, அறுவையே இல்லாமல் யானைக்கால்களைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. இதில் நம் வயல்வேலைக்காரர்களுக்கு முக்கியமானது விரலிடுக்குச் சேற்றுப்புண். அந்தச் சின்ன வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழைகிறது. குளிர்காய்ச்சலும் நெறியும் வந்து கால் செக்கச்சிவந்து எரிகிறது. ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் மிஞ்சிய நாளங்களில் இன்னும் சில போய்விடுகின்றன. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்தி, பூஞ்சை மருந்து தடவுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. இந்தக் காய்ச்சல் அடிக்கடி வருகிறவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுவதும் வழக்கம்.

அறுவைகளின் பலனைப் பற்றிய ஆய்வுகளில் பல சிறியவை. அளக்கும் முறையும் ஆளுக்கு ஆள் வேறு. இத்தனை சதவீதம் குறையும் என்று உறுதி சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஆனால் வழி திறக்கும் அறுவைகளுக்குப் பிறகு அந்தக் காய்ச்சல் வருவது குறைகிறது என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு வாரக் கூலி போகிற வீட்டில் இதன் மதிப்பு அங்குலக் கணக்கைவிடப் பெரியது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு கால் மட்டும் திடீரென ஓரிரு நாளில் வலியோடு வீங்கினால் அது சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதைக் கட்டுப் போட்டு வைக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவருக்கு, அடங்கியிருந்த கை சட்டென்று பெருத்து வலித்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லையில் இருப்பதன் சங்கடமும் ஒன்று உண்டு. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். மொழி நம்முடையது, அதனால் கால்கள் அந்தப் பக்கமே போகின்றன. ஆனால் கேரள ரேஷன் கார்டு வைத்திருப்பவர் தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியாது. பாலக்காடு, திருச்சூர் பக்கம் போனால் திட்டம் இருக்கும். ஆனால் நம் ஆட்கள் வியாதியை மலையாளத்தில் சொல்லத் திணறுவார்கள். அங்கே போகிறவர்கள் 'நீரு' என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், எப்போது தொடங்கியது, காலையில் வற்றுகிறதா, குழி விழுகிறதா, வருடத்துக்கு எத்தனை முறை காய்ச்சல் என்று நான்கு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் டேப் பிடித்து இரண்டு கையையும் அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல், செய்த சிகிச்சை பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரியம்மாவுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்ட பிறகு, கேமராவில் முன்கையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மேற்கையில் எதுவும் தெரியவில்லை. முன்கையில் இரண்டு இடத்தில் இணைத்தார்கள். முழங்கைக்குக் கீழே இரண்டு கைக்கும் இடையே இருந்த ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் இப்போது மூன்று. முந்தைய வருடம் இரண்டு முறை வந்த காய்ச்சல், அதன் பிறகு இரண்டு மழைக்காலம் கடந்தும் வரவில்லை. வளையல் இன்னும் இடது கையில் ஏறுவதில்லை. வலது கையிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொள்கிறார். கொடியில் தோல் நிறத்தில் ஒரு அழுத்த உறை எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். மற்றொன்று அவர் கையில் இருக்கும்.